சான்றிதழை வாங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் தேடலாமா?

லண்டன் ஹாரோவில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“எனக்கு 43 வயது. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கலைப்பிரிவு படித்துவிட்டு, ஊர்ப் பாலர் பாடசாலையில் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். 2006இல் கல்யாணம் கட்டி இங்கே வந்தபிறகு பிள்ளைகள், வீடு, பிறகு கடை வேலை என்று போய்விட்டது. இப்போது சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேரமாக ரில்லில் நிற்கிறேன். கடைசி மகள் இயர் 5. வகுப்பில் ரீச்சருக்கு உதவும் ரீச்சிங் அசிஸ்டன்ட் (ரி.ஏ.) ஆக வேண்டும் என்று பல வருட ஆசை. ஒன்லைனில் தேடியபோது ஒரு நிறுவனம் போன் எடுத்து, லெவல் 3 கோர்ஸ் 650 பவுண், முடித்ததும் வேலை உறுதி என்கிறது. இவர், ‘இந்த வயதில் உனக்கென்ன படிப்பு’ என்கிறார். என்னுடைய இங்கிலிஷ் கடைக்குப் போதும், பள்ளிக்கூடத்துக்குப் போதுமா என்று பயமாக இருக்கிறது. காசைக் கட்டலாமா? சம்பளம் எப்படி? பின்னாளில் ரீச்சர் ஆகவும் முடியுமா?”

தங்கச்சி, அந்த 650 பவுணை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

வேலை உறுதி என்று ஒரு கோர்ஸ் நிறுவனம் சொல்கிறது என்றால் அதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடலாம். இங்கிலாந்தில் ரி.ஏ. வேலையைக் கொடுப்பது அந்தந்தப் பள்ளிக்கூடம். ரி.ஏ. ஆக இன்ன சான்றிதழ் கட்டாயம் வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஹெட் ரீச்சர்தான் தனக்கு என்ன தேவை என்று முடிவு செய்கிறார். விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். “லெவல் 2 அல்லது லெவல் 3, அல்லது அதற்கு ஈடான அனுபவம்” என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த ‘அல்லது’வுக்குப் பின்னால் இருப்பதுதான் உங்களுக்கு முக்கியம். நான் ரி.ஏ. ஆகத் தொடங்கி, எச்.எல்.ரி.ஏ. என்ற உயர்படி ரி.ஏ. ஆகி, இப்போது வளர்ந்தோர் கல்லூரியில் இந்தப் பயிற்சியையே கொடுக்கிறவள். என்னிடம் படிக்க வருகிறவர்களில், ஏற்கனவே ஒரு வகுப்பறைக்குள் கால் வைத்துவிட்டவர்களுக்கும் சான்றிதழை மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். நேர்முகப் பரீட்சை வைக்கும் ஹெட் ரீச்சருக்கும் அது தெரியும்.

அதனால் முதலில் உள்ளே போங்கள். மகளின் பள்ளிக்கூட அலுவலகத்தில், “பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க வொலன்ரியராக வரலாமா?” என்று கேளுங்கள். இயர் 1, இயர் 2 பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் செய்ய எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆள் போதாது. மகளின் வகுப்பு வேண்டாம். அவளுக்கும் சங்கடம், ரீச்சருக்கும் சங்கடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றால் நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள மற்றப் பள்ளிக்கூடங்களிலும் கேளுங்கள். குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் டிபிஎஸ் சோதனைக்குப் பள்ளிக்கூடமே விண்ணப்பிக்கும். வொலன்ரியர்களுக்கு அந்தச் சோதனைக்கு டிபிஎஸ் கட்டணம் எடுப்பதில்லை. பாஸ்போட்டும் விலாசத்தைக் காட்டும் கடிதங்களும் தயாராக இருந்தால் போதும்.

கிழமைக்கு ஒரு காலை என்றாலும் ஒரு பள்ளித் தவணை முழுக்கப் போய்வந்தீர்கள் என்றால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும். மழைநாளில் விளையாட வெளியே போக முடியாத முப்பது பிள்ளைகளோடு ஒரே அறையில் இருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. ஒத்துவராவிட்டால் உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. ஒத்துவந்தால், உங்களைத் தெரிந்த ஒரு ரீச்சர், சிபாரிசு எழுத ஓர் ஆள், நேர்முகத்தில் சொல்ல நாலு உண்மையான அனுபவம் எல்லாம் சேர்ந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மதிய உணவு நேர மேற்பார்வை. நடுப்பகலில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் சாப்பாட்டு மண்டபத்திலும் விளையாட்டு முற்றத்திலும் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. சம்பளம் சின்னதுதான், ஆனால் சம்பளம் உண்டு. காலையிலோ மாலையிலோ கடைக்கும் போகலாம். இந்த வாசலால் நுழைந்து ரி.ஏ. ஆனவர்கள் நிறையப் பேர். வகுப்பறையில் ஓர் இடம் காலியாகும்போது, முற்றத்தில் சண்டையை நல்லபடியாகத் தீர்த்துவைக்கிறவர் யார் என்று ஹெட் ரீச்சருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, கோர்ஸுக்கு வருவோம். லெவல் என்பது பாடத்தின் கடினம். அவார்ட், சேர்டிபிகேட், டிப்ளோமா என்பவை பாடத்தின் அளவு. மொத்தப் படிப்பு நேரம் 120 மணிவரை என்றால் அவார்ட், 121 முதல் 369 வரை சேர்டிபிகேட், 370 அல்லது அதற்கு மேல் டிப்ளோமா. ஆகவே “லெவல் 3” என்று மட்டும் சொல்லி ஒருவர் விற்பது, மிகச் சின்ன லெவல் 3 அவார்டாக இருக்கலாம். அது புத்தக அறிவு மட்டும், வகுப்பறை தேவையில்லை. வேலைக்கு உண்மையில் பயன்படும் சேர்டிபிகேட்டும் டிப்ளோமாவும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறை கேட்கும். அங்கே நீங்கள் வேலை செய்வதை ஒருவர் நேரில் பார்த்து மதிப்பிட வேண்டும். ஒன்லைன் விற்பனைக்காரர் காசை வாங்கியபிறகுதான் “பள்ளிக்கூடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்” என்பார். நான் உள்ளே போங்கள் என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் மோசமானது, எந்த அங்கீகாரமும் இல்லாத ‘சிபிடி’ (தொழில் மேம்பாட்டுப் பயிற்சி) சான்றிதழை லெவல் 3 என்று பெயர் போட்டு விற்பது. சான்றிதழ் கொடுக்கும் அமைப்பின் பெயரையும் தகுதியின் இலக்கத்தையும் கேளுங்கள். என்.சி.எஃப்.ஈ. கேஷ், சிற்றி அண்ட் கில்ட்ஸ், பியர்சன் போன்ற பெயர்கள் வரும். அந்த இலக்கத்தை, தகுதிகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பான ஒஃப்குவாலின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் வேண்டாம். இலக்கம் தரவே தயங்கினால் தேடவும் தேவையில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, உங்கள் கவுன்சிலின் வளர்ந்தோர் கல்விப் பிரிவிலோ பக்கத்துக் கல்லூரியிலோ லெவல் 2 சேர்டிபிகேட். சம்பளம் குறைந்தவர்களுக்கு இது பல இடங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. சம்பளச் சிட்டையைக் கொண்டுபோய்க் கேளுங்கள். லெவல் 3 பிறகு, வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். அதற்கு வளர்ந்தோருக்கான அரச கடனும் உண்டு, வேலை பார்த்தபடி பயிலும் அப்ரென்ரிஸ்ஷிப்பும் உண்டு.

கோர்ஸைவிட அவசரமானது இங்கிலிஷும் கணிதமும். பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் இரண்டிலும் ஜி.சி.எஸ்.ஈ. (இங்கே பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதும் பரீட்சை) 4ஆம் தரம் அல்லது அதற்கு ஈடானதைக் கேட்கின்றன. உங்கள் சாதாரணதரப் பெறுபேறு கையில் இருந்தால் ‘யூகே எனிக்’ என்ற அமைப்பு அது இங்கே எதற்கு ஈடு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதித் தரும். ஆனால் நமது சாதாரணதர இங்கிலிஷ் பாடத்தைப் பள்ளிக்கூடங்கள் ஏற்குமா என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வளர்ந்தோரும் எழுதக்கூடிய ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 பரீட்சையை எழுதிவிடுவது நல்லது. ஜி.சி.எஸ்.ஈ. 4 இல்லாத 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் இந்த இரண்டு பாடமும் இலவசம். மாலை வகுப்புகள் இருக்கின்றன. தொடங்குமுன் ஒரு சின்னச் சோதனை வைத்து உங்களை எந்த வகுப்பில் போடலாம் என்று பார்ப்பார்கள். இங்கிலிஷ் போதுமா என்ற உங்கள் கேள்விக்கு என்னைவிட அந்தச் சோதனை சரியாகப் பதில் சொல்லும்.

உச்சரிப்புப் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து இழுவையோடு பேசுவதை ஹாரோ பள்ளிக்கூடங்களில் ஒருவரும் பொருட்படுத்தப் போவதில்லை. கவனம் வேண்டியது ஃபொனிக்ஸில். இங்கே ரிசெப்ஷன் என்ற முதல் வகுப்பிலும் இயர் 1இலும் பிள்ளைகளுக்கு எழுத்தின் பெயரை முதலில் சொல்லிக்கொடுப்பதில்லை, ஒலியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘எஸ்’ அல்ல, ‘ஸ்’. ‘எம்’ அல்ல, ‘ம்’. அந்த ஒலிகளை ஒட்டிச் சொல்லை வாசிக்க வைக்கிறார்கள். வெள்ளைக்காரத் தாய்மார் வொலன்ரியராக வந்து தடுமாறுவது இங்கேதான். ‘ப்’ என்று நிறுத்தத் தெரியாமல் ‘பஹ்’ என்று ஓர் உயிரைச் சேர்த்துவிடுவார்கள். பிறகு பிள்ளை ‘பஹ்-இ-னஹ்’ என்று ஒட்டிப் பார்த்து, குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ எங்கே என்று முழிக்கும். உங்களுக்கு மெய்யெழுத்துத் தெரியும். புள்ளி வைத்த எழுத்து எப்படி ஒலிக்கும் என்று ஐந்து வயதில் படித்தீர்கள், ‘ப் + இ = பி’ என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தும் இருக்கிறீர்கள். ஃபொனிக்ஸ் பயிற்சியில் நம்மவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நமக்கு இடறுகிற இடம் வேறு. மிருக வைத்தியரைக் குறிக்கும் ‘வெட்’, ஈரத்தைக் குறிக்கும் ‘வெட்’, இரண்டும் நம் வாயில் ஒன்றாகவே வரும். முதலாவதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இரண்டாவதற்குப் பல் எதையும் தொடாமல் உதடு குவிய வேண்டும். தமிழில் ஒரே எழுத்தால் எழுதும் ப-ப (p-b), ட-ட (t-d) வகை ஒலிச் சோடிகளையும் பிரித்துப் பழகுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்யுங்கள். மகளைக் கேட்டால் இரக்கமே இல்லாமல் திருத்துவாள். இயர் 1 முடிவில், ஜூன் மாதத்தில், பிள்ளைகளுக்கு 40 சொற்கள் வாசிக்கும் ஒரு சோதனை உண்டு. 2012 முதல் நடக்கிறது. அதில் பாதி அர்த்தமே இல்லாத புனைசொற்கள். பிள்ளை மனப்பாடமாகச் சொல்லாமல் ஒலியை ஒட்டித்தான் வாசிக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்தச் சோதனைக்குப் பின்தங்கிய பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் சின்னக் குழுக்களைப் பெரும்பாலும் ரி.ஏ.க்களிடம்தான் கொடுப்பார்கள்.

இனி, நான் வகுப்பில் அதிக நேரம் செலவழிக்கும் விஷயம். தமிழ்த் தாய்மார் இந்த வேலைக்கு வந்தால் பிள்ளைகளில் பாசம் காட்டுவதில் குறையே இருக்காது. கஷ்டம் கையில் இருக்கிறது. பிள்ளை ஷூ லேஸ் கட்டத் திணறினால் நம் கை போய்விடும். பிள்ளை கணக்கில் நின்றுவிட்டால் நம் வாய் விடையைச் சொல்லிவிடும். சோறு ஊட்டியே வளர்த்த கை அல்லவா.

லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் பிளட்ச்ஃபோர்ட் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2009இல் அதன் முடிவுகள் வந்தன. ரி.ஏ.க்களின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே மாதிரியான மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். பலருக்கு அது அதிர்ச்சி. ரி.ஏ.க்கள் கெட்டவர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. கஷ்டப்படும் பிள்ளையை ரி.ஏ.யோடு ஒரு மூலையில் இருத்திவிட்டதால், அந்தப் பிள்ளைக்கு ரீச்சரே இல்லாமல் போய்விட்டார். கூடவே, ரி.ஏ. வேலையை முடித்துவைப்பதில் குறியாக இருந்தாரே தவிர, பிள்ளைக்கு விளங்கியதா என்று பார்க்க அவருக்குப் பயிற்சியோ நேரமோ கொடுக்கப்படவில்லை. அதற்குப் பிறகு பயிற்சிகளின் போக்கே மாறியது.

இப்போது நாங்கள் பழக்குவது இப்படி. பிள்ளை திணறினால் முதலில் சும்மா இருங்கள், மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அப்போதும் நகராவிட்டால், “இப்போது என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு ஒரு சின்னத் துப்பு: “மேசையில் உனக்கு உதவுகிற பொருள் ஏதாவது இருக்கிறதா?” அதுவும் போதாவிட்டால் வேறொரு கணக்கை நீங்கள் செய்துகாட்டிவிட்டு, அவனுடையதை அவனிடமே விடுங்கள். விடையைச் சொல்லித் திருத்துவது கடைசிப் படி. பிள்ளையின் பென்சிலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் வாங்க வேண்டாம். நேர்முகத்தன்று பல பள்ளிக்கூடங்கள் உங்களை அரை மணி நேரம் ஒரு சின்னக் குழுவோடு இருத்திப் பார்ப்பார்கள். பென்சில் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் கவனிப்பார்கள். இன்றைக்கே வீட்டில் மகளின் ஹோம்வேர்க்கில் தொடங்கலாம்.

நேர்முகத்தில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு. “ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணினால் ஒரு விஷயம் சொல்கிறேன் என்றால் என்ன செய்வீர்கள்?” நல்ல மனதோடு தவறான பதில் சொல்லி வேலையை இழந்தவர்கள் உண்டு. சத்தியம் பண்ணக் கூடாது. “உன்னைப் பாதுகாக்க வேண்டும் என்றால் நான் ஓர் ஆளிடம் சொல்லத்தான் வேண்டும்” என்று சொல்ல வேண்டும். பிறகு அமைதியாகக் கேட்க வேண்டும். துருவித் துருவிக் கேள்வி கேட்கக் கூடாது. அடித்தது அப்பாவா என்று நாமே பெயரை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே, உடனேயே, பாதுகாப்புக்குப் பொறுப்பான அலுவலரிடம் கொடுக்க வேண்டும். அந்த அலுவலரை டி.எஸ்.எல். என்பார்கள். அரசு வெளியிடும் ‘கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எடியுகேஷன்’ என்ற வழிகாட்டியின் முதற்பகுதி இணையத்தில் இலவசம். நேர்முகத்துக்கு முன் அதை ஒரு தரம் முழுதாக வாசியுங்கள்.

நம் ஊராருக்கென்று இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாரோவில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. கோயிலில், கல்யாண வீட்டில், தமிழ்க் கடையில் தாய்மார் உங்களைப் பிடித்து, “என்ர மகன் வகுப்பில் எப்படி? மற்றப் பிள்ளை அவனுக்கு அடிச்சதாமே?” என்று கேட்பார்கள். ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது. “கிளாஸ் ரீச்சரோடு கதையுங்கோ அக்கா” என்ற ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணிவையுங்கள். ‘பெரிய ஆள் ஆகிவிட்டாள்’ என்று சிலர் முகத்தைத் திருப்புவார்கள். திருப்பட்டும்.

சம்பளத்தில் ஏமாற இடமுண்டு. விளம்பரத்தில் 26,000 பவுண் என்று போட்டிருந்தால் அது வருடம் முழுக்க, முழுநேரமாக வேலை செய்கிறவருக்கான தொகை. ரி.ஏ. வேலை பெரும்பாலும் தவணைக் காலத்துக்கு மட்டும், அதாவது 39 கிழமை. அதோடு லீவுச் சம்பளம் சேர்ந்து ஏறக்குறைய 44, 45 கிழமைக்குத்தான் கணக்கு வரும். முழுநேரம் 36 மணி என்றிருக்க நீங்கள் 30 மணி செய்தால், அந்த 26,000 உங்கள் கைக்கு வரும்போது வரிக்கு முன் 18,500 அளவில் நிற்கும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவதால் ஓகஸ்டிலும் சம்பளம் வரும். விளம்பரத்தில் ‘அக்சுவல் சாலரி’ எவ்வளவு என்று பாருங்கள். போடாவிட்டால் அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்பதில் வெட்கமே இல்லை. கடையில் முழுநேரம் நின்றால் இதைவிடக் கூட வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் லாபம், பிள்ளைகளின் லீவும் உங்கள் லீவும் ஒன்றாக இருப்பதும், உள்ளூராட்சி ஓய்வூதியத் திட்டமும். ஏஜென்சி மூலமாகப் போனால் அந்த ஓய்வூதியம் கிடைக்காது, லீவு நாட்களில் வேலையும் இராது. அனுபவத்துக்கு ஏஜென்சி பரவாயில்லை. அதிலேயே தங்கிவிட வேண்டாம்.

இன்னொன்றையும் விளம்பரத்தில் கவனியுங்கள். பல இடங்கள் வகுப்பு முழுவதற்குமான ரி.ஏ. வேலைகள் அல்ல, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான இ.எச்.சி.பி. எனப்படும் உதவித் திட்டம் உள்ள ஒரு பிள்ளைக்குத் துணையாக இருக்கும் வேலைகள். ஓட்டிசம் உள்ள பிள்ளையாக இருக்கலாம். உடை மாற்றிவிட, கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கலாம். மனம் குழம்பும்போது அடிக்கலாம், கடிக்கலாம். அருமையான வேலை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டிய வேலை. அந்தப் பிள்ளை வேறு பள்ளிக்கூடம் போனால் ஒப்பந்தமும் முடியக்கூடும். நேர்முகத்தில் அதைக் கேளுங்கள்.

ரீச்சர் ஆக முடியுமா? முடியும், ஆனால் பட்டம் வேண்டும். ரி.ஏ. வேலையில் இருந்தபடி பகுதிநேரமாக ஃபவுண்டேஷன் டிகிரி, பிறகு முழுப் பட்டம், பிறகு ஆசிரியர் பயிற்சி என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பப் பள்ளி ரீச்சருக்கு விஞ்ஞானத்திலும் ஜி.சி.எஸ்.ஈ. 4 தேவை. இடையில் எச்.எல்.ரி.ஏ. என்ற படி இருக்கிறது. ரீச்சர் இல்லாத நேரம் வகுப்பை நடத்தலாம். அதையெல்லாம் இரண்டு வருடம் வகுப்பறையில் இருந்தபிறகு யோசிக்கலாம். 43 ஒரு வயதே இல்லை. என் வகுப்பில் ஐம்பதைத் தாண்டியவர்களும் படிக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் வாதாட வேண்டாம். முதல் பள்ளித் தவணைக்கு ஒரு செலவும் இல்லை என்று கணக்கைக் காட்டுங்கள். காசு போகவில்லை என்றால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

செப்டெம்பருக்கான இடங்கள் மே முதல் ஜூலை வரை அதிகம் வரும். இ.எச்.சி.பி. பிள்ளைகளுக்கான இடங்கள் வருட நடுவிலும் வரும், ஆகவே கவுன்சிலின் வேலைப் பக்கத்தையும் பள்ளிக்கூடங்களின் சொந்தப் பக்கங்களையும் கிழமைக்கு ஒரு தடவையாவது பாருங்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் சி.வி. எடுபடாது, அவர்களுடைய படிவத்தையே நிரப்ப வேண்டும். பள்ளியை விட்ட நாளிலிருந்து இன்றுவரை எந்த வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று இடைவெளி இல்லாமல் கேட்பார்கள், பிள்ளைகள் பாதுகாப்புக்காக. ஊர்ப் பாலர் பாடசாலையை எழுதுங்கள். பிள்ளைகளை வளர்த்த வருடங்களை “வீட்டில் பிள்ளைகளைப் பராமரித்தேன்” என்று வருடத்தோடு எழுதுங்கள். வெறுமையாக விட்டால்தான் கேள்வி வரும். சிபாரிசுக்குக் கடை மனேஜர் ஒருவர் போதும், மற்றவர் நீங்கள் வொலன்ரியராகப் போகும் வகுப்பின் ரீச்சராக இருக்கட்டும். ஃபேஸ்புக்கையும் ஒரு தரம் பார்த்துச் சுத்தப்படுத்துங்கள், தெரிவு செய்தவர்களின் பெயரைப் பள்ளிக்கூடங்கள் இணையத்தில் தேடுவது உண்டு. படிவத்தை அனுப்புமுன் மகளிடம் கொடுத்து எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்.